டோக்கியோவில் ஒரு அரை மேசை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த மேட்டர் இது மக்களே. கொஞ்சம் வரலாறு கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க :)

பொட்டி தட்டுறதுக்காக டோக்கியோ வந்து ரெண்டு வருஷம். மாங்கான்னா ரயில்வே ஸ்டேஷன் கடையில தலையணை கனத்துக்கு விக்கிற வாரப் பத்திரிகைதான்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு நவம்பர் மாச ஞாயிறு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர் டோக்கியோ பிக் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். நாலு பிரமிடை எடுத்துத் தலைகீழா கவுத்து வெச்ச மாதிரி இருக்குமே, அந்தக் கண்காட்சிக் கட்டிடம். உள்ளே நடந்தது கோமிட்டியா. சொந்தமா கதை பண்ணி, சொந்தமா வரைஞ்சு, சொந்தக் காசுல அச்சடிச்ச காமிக்ஸுக்கான சந்தை. அடுத்தவங்க பாத்திரத்தை வெச்சு வரைஞ்ச புத்தகத்துக்கு இங்க இடமில்லை.

ஹால் முழுக்க வரிசை வரிசையா மேசைகள். ஒருத்தருக்கு அரை மேசை, அதாவது 90 செ.மீ. அகலம். அதுக்குள்ளதான் அவங்க உலகம்.

இப்படிச் சொந்தமா போடுற பத்திரிகைக்கு அங்க டோஜின்ஷின்னு பேரு. காமிக்ஸுக்கு முன்னாடியே இலக்கியத்துல இருந்த பழக்கம் இது. 1885-ல ஒசாகி கோயோவும் அவர் நண்பர்களும் ஆரம்பிச்ச பத்திரிகை, முதல்ல கையால எழுதிச் சுத்துக்கு விட்டதுதான். நம்ம கையெழுத்துப் பத்திரிகை மாதிரியேன்னு வெச்சுக்கோங்க. 1953-ல இஷினோமொரி ஷோதாரோ, பின்னாடி சைபார்க் 009 வரைஞ்சவர், பள்ளிக்கூடப் பையனா இருந்தப்போ சேக்காளிகளோட சேர்ந்து கையால வரைஞ்சே ஒரு காமிக்ஸ் பத்திரிகை நடத்தினார். அதுவும் கைமாத்திக் கைமாத்திப் படிக்கிறதுதான்.

எழுதறதுக்கு ஆள் இருந்தாங்க. ஆனா படிக்கிறவங்களை எங்க போய்ப் பிடிக்கிறது? 1975 டிசம்பர் 21 அன்னிக்கு இதுக்கு ஒரு விடை கிடைச்சுது. யொனெஸாவா யொஷிஹிரோ, ஹராதா தெருவோ, அனிவா ஜுன் மாதிரி சில விமர்சன ஆர்வலர்கள் டோக்கியோ தொரானோமொன்ல ஒரு ஹாலைப் பிடிச்சு காமிக் மார்க்கெட்டை ஆரம்பிச்சாங்க. வந்தது 32 குழுக்கள், சுமார் 700 பேர். அந்தச் சின்னக் கூட்டம் பின்னாடி பல லட்சம் பேர் வர்ற திருவிழாவா வளர்ந்துச்சு.

வளர்ந்ததுல ஒரு சிக்கலும் வந்துச்சு. பிரபலமான கதைகளோட பாத்திரங்களை வெச்சு வரைஞ்ச புத்தகங்கள் 80-கள்ல அலையா அடிச்சுது. கேப்டன் சுபாஸா அலை அதுல ரொம்பப் பெருசு. அதைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். தெரிஞ்ச முகம் இருந்தா கை தானா நீளும், மனுஷ சுபாவம். ஆனா பேரே தெரியாத ஒருத்தர், பேரே தெரியாத பாத்திரத்தை வெச்சு வரைஞ்ச புத்தகத்தை அந்தக் கூட்டத்துல யார் நின்னு புரட்டுவா?

இதைக் காமிக் மார்க்கெட்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரே யோசிச்சிருக்கார். அனிவா ஜுன் 1980-ல எம்.ஜி.எம்.னு (நம்ம எம்.ஜி.ஆர். இல்லீங்க) சொந்தப் படைப்புகளுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தை ஆரம்பிச்சார். அடுத்து 1984 நவம்பர்ல நெரிமாவுல கோமிட்டியா. அதைப் பல வருஷம் தலைமையேத்து நடத்தின நாகமுரா கிமிஹிகோவுக்கு ஜப்பான் மீடியா ஆர்ட்ஸ் விழாவுல 2013-ம் ஆண்டுக்கான சேவை விருது கொடுத்தாங்க.

எனக்குள்ள இருக்கற இன்ஜினியர் முழிச்சுக்கிட்ட இடம் இதுதான். வெறும் மேசை போட்டா போதாது, படிக்க ஆள் வரணும். அதுக்கு இவங்க செஞ்ச ஏற்பாட்டைப் பாருங்க. மாதிரிப் பிரதிகளை வெக்க ஒரு தனி மூலை, யார் வேணா எடுத்துப் படிக்கலாம். போன தடவை வந்த புத்தகங்களைப் பத்தி வாசகர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைகள், அடுத்த கேட்டலாக்ல அச்சாகும். 2003-லேர்ந்து பதிப்பகங்களோட எடிட்டர்களே வந்து உக்காந்து, யார் வரைஞ்சதைக் காட்டினாலும் பாத்துக் கருத்து சொல்றாங்க. விளம்பரம், ரேட்டிங் எதுவும் இல்லை. ஒரு வாசகன் இன்னொரு வாசகனுக்குச் சொல்ற கதைதான்.

இதெல்லாம் சும்மா பேச்சா, இல்ல நிஜமான்னு பரிட்சை வெச்சது 2020. கொரோனாவுல கூட்டங்கள் ரத்து. இடம் இல்லை, வருமானம் இல்லை, கதை முடிஞ்சுதுன்ற நிலைமை. பொதுமக்கள்கிட்ட 3 கோடி யென் கேட்டாங்க. வந்தது 10 கோடியையும் தாண்டிச்சு. கொடுத்தவங்க மேசை போடுறவங்களும், மேசை முன்னாடி வந்து நிக்கிறவங்களும்தான்.

சரி, அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு ஓரத்து மேசையில நடுத்தர வயசு மனுஷன். லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவராம். ராத்திரி டூட்டியில ஆளில்லாத கட்டிடங்கள்ல தனியா நடக்குறதை 28 பக்கத்துல வரைஞ்சிருந்தார். அங்க ஒரு வழக்கம் உண்டு, "படிக்கலாமா"ன்னு கேட்டுட்டுதான் புத்தகத்தைத் தொடணும். கேட்டேன். ரெண்டு கையாலயும் எடுத்து நீட்டினார். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜப்பானிய மொழியில எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்க பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அவர் அவசரப்படுத்தவே இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு என் விரல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் பாத்துட்டிருந்தார்.

பதிவு போட்டுட்டு ராத்திரி மூணு தடவை ஹிட் கவுன்ட்டர் பாக்குற ஜாதி நாம. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும்.

500 யென் கொடுத்து வாங்கினேன். ஐம்பது பிரதி அடிச்சாராம், காலையிலேர்ந்து போனதுல என்னுது பன்னண்டாவது. வீட்டுக்கு வந்து, அகராதியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அந்தப் புத்தகத்தைப் பத்தி நாலு வரி பரிந்துரை எழுதி அனுப்பினேன். இலக்கணப் பிழை நிச்சயம் இருக்கும்.

அடுத்த கேட்டலாக்ல என் நாலு வரி வரலை. அந்த லிஃப்ட்காரர் பேரு வந்திருந்துச்சு, மேசை நம்பரோட. இந்தத் தடவையும் போறேன்.