அசையாத கை, அகலாத கண்: இணையப் பக்க உறுப்புகளில் செயலின்மையைக் கணித்தல்

பயனர் செயலற்று இருக்கிறார் என்று இணையப் பக்கம் முடிவுசெய்யும் வழக்கமான முறை எளியது. மவுஸ் நகர்வு, விசை அழுத்தம், தொடுதல், ஸ்க்ரோல் ஆகிய நிகழ்வுகள் ஒவ்வொன்றும் ஒரு டைமரை மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். குறித்த நேரத்துக்குள் எதுவும் நிகழாவிட்டால் ஆள் இல்லை என்று பொருள்கொள்ளப்படும். அளக்கப்படுவது கையின் அசைவு. அறிவிக்கப்படுவதோ ஆளின் இருப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி, பயனர் ஈடுபட்டிருக்கும் உறுப்புக்கேற்ப மாறுகிறது. ஆகவே செயலின்மைக்கான அளவுகோலைப் பக்கம் முழுமைக்கும் ஒன்றாக வைக்காமல் உறுப்புதோறும் வகுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைப் பார்ப்பவர் எதையும் தொடுவதில்லை; அங்கே வீடியோவின் நிலையே சான்று. படிவத்தில் விசை அழுத்தத்தை மட்டும் நம்புவதும் போதாது. ஆண்ட்ராய்டு குரோமில் தமிழ் தட்டெழுதும்போது எந்த எழுத்துக்கும் 229 என்ற ஒரே குறியெண் வருவது வழக்கம். குரல்வழி எழுதுவோரிடம் அழுத்துவதற்கு விசையே இல்லை. உள்ளடக்கம் மாறியதைச் சொல்லும் 'இன்புட்' நிகழ்வே இங்கு நம்பத்தக்கது.

மிகக் கடினமானது வாசிப்பு. என்விடிஏ போன்ற திரைபடிப்பானின் உலாவு முறையில், அம்புக்குறி விசைகளை அந்த மென்பொருளே வாங்கிக்கொள்கிறது. பக்கத்தின் நிரலுக்கு அவை பெரும்பாலும் எட்டுவதில்லை. நீண்ட விதிமுறைகளை வரிவரியாகக் கேட்கும் பார்வையற்றவர், அந்த நிரலின் கணக்கில் எழுந்து போய்விட்டவர். மிகுந்த கவனத்துடன் படிப்பவரையே வெளியேற்றும் முறையைப் பாதுகாப்பு என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இயங்குதளத்தையே கேட்டுவிடலாமே என்பது ஒரு விடை. 2021இல் குரோம் 94 உடன் வந்த செயலின்மை கண்டறியும் இடைமுகம், பயனரின் அனுமதி பெற்று, குறைந்தது 60 விநாடிச் செயலின்மையை வரம்பாகக் கொண்டு இதைச் செய்கிறது. திரைபடிப்பானுக்குச் செல்லும் விசைகளும் இயங்குதளத்தின் கணக்கில் சேரும் என்பதால் முன்சொன்ன சிக்கல் ஓரளவு தீரலாம். ஆனால் வேறு செயலியில் வேலை செய்கிறாரா, திரையைப் பூட்டினாரா என்பதும் தளத்துக்குத் தெரிந்துவிடும். மொசில்லாவும் ஆப்பிளும் இதை எதிர்த்தது நியாயமே.

வங்கிகளின் கவலையும் பொய்யல்ல. திறந்தபடி விடப்பட்ட கணக்கு ஆபத்தானதுதான். எனினும் இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2.1ஆம் விதி காட்டும் வழிகளில் ஒன்று, நேரம் முடியுமுன் எச்சரித்து, ஸ்பேஸ் விசையை அழுத்துவது போன்ற எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தருவது. அட்டைத் தரவுக்கான பிசிஐ தரமும் 15 நிமிடச் செயலின்மைக்குப்பின் மறுபடி அடையாளம் காட்டச் சொல்கிறதே தவிர, பாதி நிரப்பிய படிவத்தை அழிக்கச் சொல்லவில்லை. திரையைப் பூட்டலாம், கடவுச்சொல்லைக் கேட்கலாம், எழுதியதை அப்படியே வைத்திருக்க வேண்டும்.