முஸாபிர்கள் தங்கிய குகைகள்: பாவாதமலைப் பழம்பாதை

மலைநாட்டில் மழை பிடித்தால் லேசில் விடாது. இரத்தினபுரிப் பக்கமாகப் பாவாதமலைக்கு ஏறி வந்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கள். மலையைப் பற்றி ஒரு வார்த்தையும் அட்டையைப் பற்றி ஒன்பது வார்த்தையும் சொல்வார்கள். இன்று பருவகாலத்தில் வழியெல்லாம் மின்விளக்கு உண்டு, தேநீர்க் கடை உண்டு. 1344ஆம் ஆண்டில் புத்தளத்திலிருந்து இதே மலைக்குப் புறப்பட்ட இப்னு பதூதா இரவுகளை எங்கே கழித்தார்? அவரது 'றிஹ்லா'வை இந்தக் கேள்வியோடு வாசித்தால் எங்கட வரலாற்றின் மறந்துபோன ஒரு பக்கம் தெரிகிறது.

மாலைதீவிலிருந்து வந்த அவர் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கும். "பாதத்தைத் தரிசிப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை" என்ற கருத்தில் விருந்தாளி பேச, மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும் கொடுத்தார். கூடவே ஆண்டுதோறும் மலைக்குப் போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் முஸாபிருக்கு வழிகாட்டிகள் யோகிகளும் பிராமணர்களும்!

யானைக் காடுகளையும் நீர் நிறைந்த நிலங்களையும் கடந்து 'குனகார்' என்ற தலைநகரை அடைகிறார். அது இன்றைய எந்த ஊர் என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. ஊருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்குப் போவோருக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவரே. பசு அறுத்த குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டிருந்தன. சட்டப்படி அதற்கு மரண தண்டனை. மக்கள் அவர்மீது வைத்திருந்த மரியாதையால் உயிர் தப்பியது. ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு விடப்பட்டது. வழிகாட்டும் பணியைப் பின்னர் அவருடைய மக்களும் அடிமைகளும் செய்தார்கள். அந்தக் கால உறவு தேனும் பாலுமாக இருந்தது என்று நாம் கதைக்கத் தேவையில்லை. தண்டனையும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

அதற்கப்பால் தங்குமிடங்கள் பெரும்பாலும் குகைகள்தான். மலையடிவாரத்தில் உஸ்தாத் மஹ்மூத் லூரி குடைந்த குகை, 'கிழவி வீடு' எனப்பட்ட கடைசிக் குடியிருப்பு, பாபா தாஹிர் குகை, இஸ்பஹானி குகை. பெயர்களைப் பாருங்கள்: லூரிஸ்தான், இஸ்பஹான். பாரசீகத்து பக்கீர்கள் இந்த மழைக்காட்டில் தங்கி, பின்னால் வருவோருக்குக் கூரையாகத் தங்கள் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இந்த வழியை முதலில் திறந்தவர் ஷீராஸில் அடங்கியிருக்கும் ஷெய்கு இப்னு ஃகபீப் (வபாத் ஹிஜ்ரி 371) என்று இப்னு பதூதா சொல்கிறார்.

அட்டைக்கும் அவர் இடம் ஒதுக்கியிருக்கிறார். ஆட்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்கள், சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும், பிறகு மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்கள் என்கிறார். தேசிக்காய் வைத்தியம் அவ்வளவு பழையது.

மேலே ஏற இரண்டு வழிகள்: ஆதமின் பெயரால் 'பாபா வழி', ஹவ்வாவின் பெயரால் 'மாமா வழி'. மாமா வழி இலேசானது, அதனால் இறங்குவதற்கு மட்டும்தான். அதில் ஏறியவர் போனதாகவே கணக்கில்லை. பாபா வழியில் பத்துச் சங்கிலிகள். பத்தாவதுக்குப் பெயர் 'ஷஹாதா சங்கிலி'. அதில் தொங்கியபடி கீழே பார்ப்பவர் அச்சத்தில் கலிமா சொல்லிவிடுவாராம். அதைத் தாண்டி ஏழு மைல் போனால் ஹிழ்று குகை. பொருட்களை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குப் போய் வருவது வழக்கம். அவரும் அப்படியே செய்தார். மேகங்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்ததையும் கண்டார்.

குகைகள் மட்டுமல்ல. முதலாம் விஜயபாகு (1055-1110) மலைக்குப் போவோரின் கஷ்டத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்கக் கிலிமலைக் கிராமத்தை ஒதுக்கியதாகச் சூளவம்சம் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அமைச்சர் தேவபதிராஜ கம்பளையிலிருந்து போகும் பாதையில் பாலங்களும் தங்குமடங்களும் அமைத்தார். மழையில் நனைந்து வந்தவனுக்கு ஒதுங்க நான்கு தூணும் ஒரு கூரையும் போதும். அதைத்தான் சிங்களக் கிராமத்தவர் 'அம்பலம்' என்றார்கள். சொல் எங்கட தமிழ்ச் சொல்தான்.

இந்நாட்டவர் முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் எடுத்து, மனைவி மக்கள் இருக்கும் இடத்திலேயே தங்கவைத்து, உணவளித்தார்கள் என்று எழுதுகிறார் இப்னு பதூதா. இந்தியாவில் தான் காணாதது என்று ஒப்பிட்டும் சொல்கிறார். வழிப்போக்கருக்கு, 'இப்னுஸ் ஸபீலு'க்கு, உரிமை உண்டு என்று குர்ஆன் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. அந்த உரிமையை இந்த மண்ணின் அயலவர் எங்கட முன்னோருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று மலைகளைப் பற்றிப் பேசினால் 'யாருடையது' என்ற கேள்வியே முந்துகிறது. அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு முந்திய கேள்வி 'இன்றிரவு எங்கே ஒதுங்குவது' என்பதுதான். அதற்கு அரசன், பிக்கு, யோகி, பக்கீர், கிராமத்துக் கிழவி எல்லோருமே பதில் வைத்திருந்தார்கள். அந்தக் குகைப் பெயர்கள் இப்போது ஏட்டில் மட்டும் நிற்கின்றன. மலையோர ஊர்களில் மூத்தவர்கள் இருக்கும்போதே எங்கட இளம் ஆய்வாளர்கள் றிஹ்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, அவர்கள் வாயில் மிஞ்சியிருப்பதைக் கேட்டு எழுதட்டும். தேசிக்காயை மறக்க வேண்டாம்.