எட்டுப் பேருக்கு எத்தனை ரூம்?

மக்களே, இது பயணக் கட்டுரை இல்லை. ஜவ்வாது மலையில முடியும், ஆனா நடுவுல தஞ்சாவூர், அமெரிக்கான்னு கொஞ்சம் சுத்தும். பொறுத்துக்கோங்க.

போன கோடை லீவுல வாண்டுங்க கேட்டது தீம் பார்க். நாங்க மொத்தம் எட்டுப் பேர்: அப்பா, அம்மா, அத்தை, நான், தங்கமணி, பசங்க மூணு. பார்க்கை ஒட்டின ஓட்டல் ஒண்ணுக்குப் போன் போட்டேன். "ஒரு ரூமுக்கு ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை சார். மூணு ரூம் எடுத்துடுங்க." பக்கத்துப் பக்கத்துல கிடைக்குமான்னா, "அது நீங்க வந்த பிறகுதான் சார் தெரியும்."

காசு கிடக்கட்டும். அப்பாவுக்கு இப்பல்லாம் ராத்திரி முழிச்சா எங்க இருக்கோம்னு தெரியறதில்லை. வீட்டுலயே கதவைத் தேடுவார். அம்மாவுக்குக் காது மந்தம். ரெண்டு பேரையும் வேற மாடியில படுக்க வெச்சுட்டு நான் எப்படித் தூங்குறது? பேச்சைக் கேட்டுட்டே இருந்த அப்பா, "என்னை விட்டுட்டுப் போயிட்டு வாங்கடா"ன்னார். சுருக்குன்னுச்சு. பிளானை அப்படியே மூடி வெச்சுட்டேன்.

அப்புறம்தான் யோசிச்சேன். தலையை எண்ணி ரூம் கொடுக்குற இந்தக் கணக்கு நம்ம ஊருல எப்பவுமே இருந்ததா?

இல்லை. தஞ்சை மராத்திய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற பாதையில வரிசையா சத்திரம் கட்டி வெச்சிருந்தாங்க. ஒரத்தநாட்டுல இரண்டாம் சரபோஜி கட்டின முக்தாம்பாள் சத்திரம் இன்னைக்கும் நிக்குது. 1801-ல சரபோஜி, தஞ்சாவூர்ல ரெசிடெண்டா இருந்த பெஞ்சமின் டோரினுக்கு சத்திரங்களைப் பத்தி ஒரு கடிதம் எழுதினார். வர்றவங்க எந்த சாதியானாலும் சோறு, குழந்தைங்களுக்குப் பால், சீக்காளிக்கு வைத்தியம், வந்த இடத்துல வலி கண்ட பொண்ணுக்குப் பேறுகாலம் பார்த்து அனுப்புறது, எல்லாம் அதுல இருக்கு.

இது எப்படி முடிஞ்சது? செலவு வழிப்போக்கன் பையிலேர்ந்து வரலை. சத்திரத்துக்கு எழுதி வெச்ச கிராமங்களோட வருமானத்துலேர்ந்து வந்தது. அங்க "எத்தனை பேரு?"ன்னு கேட்டா, உலையில எவ்வளவு அரிசி போடணும்னு தெரிஞ்சுக்கத்தான். ஓட்டலுக்கு மானியம் கிடையாது. கட்டில், போர்வை, காலை டிபன், தீ பிடிச்சா எத்தனை பேரை வெளியேத்தணும்ங்கற விதி, எல்லாமே தலைக்கணக்கு. அவங்களைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை.

இந்தத் தலைக்கணக்கால நொந்தவன் நான் மட்டும் இல்லை. 1951-ல கெம்மன்ஸ் வில்சன்னு ஒரு அமெரிக்கர், மெம்ஃபிஸ்லேர்ந்து வாஷிங்டனுக்கு அஞ்சு பிள்ளைங்களோட கார்ல போனார். வழியில தங்கின இடத்துல குழந்தைக்கு ரெண்டு டாலர் கூடக் கேட்டாங்க. மனுஷன் கடுப்பாகி, 1952-ல மெம்ஃபிஸ்ல தானே ஒரு மோட்டல் திறந்தார். பெத்தவங்களோட தங்குற பிள்ளைங்களுக்குக் காசு இல்லைன்னார். அதுதான் ஹாலிடே இன்! 1955-ல டிஸ்னிலேண்ட் வந்தப்போ பக்கத்துல ஓட்டல் கட்ட வால்ட் டிஸ்னி கையில பணம் இல்லை. ஜாக் ராதர்ங்கறவர்தான் கட்டினார். அதே டிஸ்னி கம்பெனி 2012-ல ஃப்ளோரிடாவுல திறந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டல்ல, ஆறு பேர் தங்குற குடும்ப அறைங்க மட்டும் ஆயிரத்துக்கு மேல.

ஆறு பேர். நாங்க எட்டு :-) வில்சன் பிள்ளைங்களைச் சேர்த்துக்கிட்டார். தாத்தா பாட்டியை யாரும் கணக்குல எடுத்த மாதிரி தெரியலை.

கடைசியில போளூர் வழியா ஜமுனாமரத்தூருக்கு வண்டியைத் திருப்பினோம். தெரிஞ்சவர் மூலமா ஒரு வீடு கிடைச்சது. பெரிய ஹால், ஒரு சமையல்கட்டு, வாசல்ல திண்ணை, அவ்வளவுதான். எத்தனை பேருன்னு வீட்டுக்காரம்மாவும் கேட்டாங்க. பாய் எடுத்துப் போடுறதுக்கு! பசங்க கோலப்பன் ஏரியில படகு விட்டாங்க. காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகத்தோட வெள்ளைக் கூண்டைப் பார்த்து வாயைப் பிளந்தாங்க. 1986-லேர்ந்து அந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்க வானத்தைப் பார்த்துட்டு இருக்கு. தீம் பார்க் பேச்சே வரலை.

ராத்திரி அப்பா முழிச்சுட்டார். இருட்டுல எழுந்து உக்காந்து, "யாரு இங்க?"ன்னார். "நான்தான்பா"ன்னேன். "நான்தான் தாத்தா"ன்னு சின்னவன். "நான்தான்ணா"ன்னு அத்தை. அப்பா கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம் படுத்துட்டார். கதவைத் தேடலை.

டிஸ்கி: எட்டுப் பேரும் ஒண்ணாப் படுக்குற மாதிரி ஹால் கிடைக்குற ஊர் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்பா அடுத்து எப்போன்னு கேக்குறார்.