கடல் தண்ணீர், ஒரு டம்ளர்

சம்மர் லீவு நெருங்கும்போது வீட்டில் கிளம்புகிற முதல் கேள்வி, ‘மலையா, கடலா?’ மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல். கடல் என்றால் கோவா, கோவளம். பட்ஜெட் இடிக்கிற வருஷங்களில் பாண்டிச்சேரி. ரூம் போடும்போது மறக்காமல் ‘சீ வியூ இருக்கா?’ என்று கேட்கிறோம். இருக்கிறது என்றால் அதற்குத் தனி ரேட். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிவதற்குக் காசு.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதை எவரிடமாவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். கடல் என்றால் மீன். கடல் என்றால் கப்பல். கடல் என்றால் புயல். நம் ஊரில் ராமேஸ்வரத்தில் முங்கினார்கள், மாசி மகத்துக்கு முங்கினார்கள். வாஸ்தவம்தான். அது புண்ணியக் கணக்கு. துண்டை உதறிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்காக, பெட்டி படுக்கையோடு குடும்ப சகிதம் கிளம்பிப் போகிற வழக்கம் இருக்கிறதே, அது ரொம்பப் புதுசு. அதை ஒரு தொழிலாகவே வளர்த்த ஊர் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிறது. பெயர் பிரைட்டன்.

(வடக்கே ஸ்கார்பரோ என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1730-களிலேயே நாங்கள் கடலில் குளித்துவிட்டோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கல்லா கட்டியது பிரைட்டன்.)

அப்போது அதன் பெயர் பிரைட்ஹெல்ம்ஸ்டன். மீனவர்கள் வாழ்ந்த ஊர். 1703-ல் ஒரு புயல், 1705-ல் இன்னொரு புயல். கரையோரத்தில் இருந்த வீடுகள் போயே போய்விட்டன. மிஞ்சிய ஜனம் மேட்டுப்பக்கம் ஒண்டிக்கொண்டு பிழைத்தது. இந்த ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது என்று அந்த வழியாகப் போனவர்கள் எழுதினார்கள். ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டெஃபோ அவர்களில் ஒருவர்.

அந்த நேரத்தில்தான் ஒரு டாக்டர் வருகிறார். பக்கத்து ஊரான லூயிஸில் பிராக்டீஸ் பண்ணிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி வியாதிகளுக்குக் கடல் தண்ணீர்தான் மருந்து என்று 1750-ல் லத்தீனில் ஒரு புத்தகம் போட்டார். கொஞ்ச நாளில் இங்கிலீஷிலும் வந்து சக்கைப்போடு போட்டது. வைத்தியம் ரொம்ப சிம்பிள். காலையில் கடலில் முங்க வேண்டும். அப்புறம் கடல் தண்ணீரைக் குடிக்க வேண்டும். தப்பாகப் படிக்கவில்லை, குடிக்கத்தான் வேண்டும். வெந்நீர் கிந்நீர் கிடையாது. தண்ணீர் சில்லென்று இருந்தால் நல்லது. குளிர்காலம் என்றால் இன்னும் விசேஷம்.

1753-ல் ரஸ்ஸல் பிரைட்டன் கரையிலேயே ஒரு பெரிய வீடு கட்டி, நோயாளிகளை அங்கே வரவழைத்தார். லண்டன் பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு ரூம் வேண்டும், சாப்பாடு வேண்டும், சாயங்காலம் பொழுது போக வேண்டும். மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

குளிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் வைத்த ஒரு மரப்பெட்டி. சின்ன அறை மாதிரி இருக்கும். கரையில் நோயாளி அதற்குள் ஏறி உடை மாற்றிக்கொள்வார். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே இடுப்பளவு தண்ணீரில் ஓர் அம்மாள் தயாராக நிற்பார். சீமாட்டியைப் பிடித்து ஒரே முக்கு. இவர்களுக்கு ‘டிப்பர்’ என்று பெயர். மார்த்தா கன் என்ற டிப்பர் நாடறிந்த பிரபலம். நல்ல ஆகிருதி. அவர் பிடியிலிருந்து திமிற முடியாது. தங்கள் குடும்பங்களுக்குப் பழகிய தண்ணீரில் கரையோரத்து ஜனங்கள் பார்த்த புது வேலை இது.

1783-ல் இளவரசர் வந்தார். பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னரானவர். குடி, சூதாட்டம், கடன், எல்லாவற்றிலும் கரை கண்டவர். ஊர் பிடித்துப்போய் அங்கேயே மாளிகை கட்டிக்கொண்டார். இன்று பிரைட்டன் போனால் நம்மூர் நவாப் அரண்மனை மாதிரி வெங்காய டூம்களோடு நிற்கிறதே ராயல் பெவிலியன், அது. 1815-ல் ஆரம்பித்து ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் அதற்கு இந்தியத் தோற்றம் கொடுத்தார். நாஷும் சரி, ஜார்ஜும் சரி, இந்தியா பக்கம் வந்ததே இல்லை.

ராஜா இருக்கிற ஊர் என்றால் கேட்க வேண்டுமா? 1801 கணக்கெடுப்பில் ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்த ஜனத்தொகை, 1851-ல் 65 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். மாளிகைக்கு முன்னால் ‘ஸ்டெய்ன்’ என்று ஒரு பெரிய புல்வெளி. ஊர்ப் பொது நிலம். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்திய இடம். புயல் காலத்தில் படகுகளை இழுத்துவந்து போட்டதும் இங்கேதான். இப்போது சாயங்காலமானால் சீமான்களும் சீமாட்டிகளும் அங்கே உலாவக் கிளம்பினார்கள். வலை கால் தடுக்குகிறது என்று புகார் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி வேலி வந்தது. மீனவர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். 1820-களில் வலைகள் மொத்தமாக வெளியேறிவிட்டன. கடல் அழகாக இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களுக்கு, கடலில் வேலை செய்கிறவன் அழகாகத் தெரியவில்லை.

ஊருக்குப் பணம் வந்தால் பணம் தேடுகிறவனும் வருவான். 1814 வாக்கில் வந்து சேர்ந்தவர் பாட்னாக்காரர். ஷேக் தீன் முகமது. கம்பெனி ராணுவத்தில் இருந்தவர். அயர்லாந்துக்குப் போய், ஓர் ஐரிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, 1794-ல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டவர். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியான முதல் புத்தகம் அது. 1810-ல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். 1812-ல் திவால். ஐட்டம் நல்ல ஐட்டம், காலம்தான் கொஞ்சம் முந்திவிட்டது.

பிரைட்டனில் கணக்கு தப்பவில்லை. மூலிகை ஆவிக் குளியல். நோயாளி ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து கைவிட்டு உடம்பைப் பிடித்துவிடுவார்கள். பிடித்துவிடுவதற்கு ஹிந்தியில் சொல்லும் ‘சம்பி’ என்ற வார்த்தையிலிருந்து வந்ததுதான் ‘ஷாம்பு’. உங்கள் பாத்ரூமில் பாக்கெட்டாகத் தொங்குவதும் அதே வார்த்தை. நான்காம் ஜார்ஜுக்கும் அடுத்து வந்த நான்காம் வில்லியமுக்கும் இவர்தான் அதிகாரபூர்வ ‘ஷாம்பு சர்ஜன்’! 1851-ல் இறந்தார். செயின்ட் நிக்கலஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டிப்பர் மார்த்தா கன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இதுவரை எல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம். 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. சல்லிசான டிக்கெட்டில் சாதாரண ஜனம் குவிய ஆரம்பித்தது. விக்டோரியா மகாராணிக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. 1850-ல் பெவிலியனை ஊர்க்காரர்களிடமே விற்றுவிட்டார்.

ரயில் இருக்கிறது, சரி. லீவு? தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஏது? அதைத் தீர்த்தவர் ஒரு பேங்க்காரர். ஜான் லபக். பேங்க் முதலாளி, எம்.பி., மிச்ச நேரத்தில் எறும்பு ஆராய்ச்சி. 1871-ல் பேங்க் விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த மனிதர்மேல் தனி மரியாதை. எல்லோருக்கும் லீவு கொடு என்று அவர் கேட்கவில்லை. இந்தத் தேதிகளில் பேங்க் மூடியிருக்கும், அன்றைக்குக் கெடு முடிகிற உண்டியல்களுக்கு மறுநாள் பணம் கட்டினால் போதும் என்று மட்டும் சொன்னார். பணம் நகராவிட்டால் யார் கடை திறப்பார்கள்? மொத்த ஊரும் லீவாகிவிட்டது. நன்றி மறக்காத ஜனங்கள் அந்த நாளுக்கு ‘செயின்ட் லபக் தினம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

நம்மூரில் அரசு விடுமுறைப் பட்டியல் வரும்போது ‘1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்கீழ்’ என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே சூத்திரம். ஒரே ஒரு வித்தியாசம்: நம் சட்டப்படி லீவு நாளில் கெடு முடிந்தால் முந்தின வேலை நாளே கட்டியாக வேண்டும். பரீட்சையில் இதை மாற்றி எழுதி மார்க்கை விட்டவர்கள் நிறையப் பேர். அடியேனும் உண்டு.

முதல் உலகப் போரின்போது நம் ஆட்கள் பெருங்கூட்டமாக பிரைட்டனுக்கு வந்தார்கள். ஹாலிடேவுக்கு அல்ல. 1914 டிசம்பர் தொடங்கி, பிரான்ஸ் போர்முனையில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு பெவிலியன் ஆஸ்பத்திரியானது. ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள், மூன்று எழுத்துகளில் அறிவிப்புப் பலகைகள் என்று ஏற்பாடெல்லாம் பலம். படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். அதே ஊரில் கிச்சனர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற சிப்பாய்கள் இஷ்டத்துக்கு வெளியே வர முடியாது. சுவருக்கு மேல் முள்கம்பி, வாசலில் காவல். இறந்துபோன 53 இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே புல்மேட்டில் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் சத்ரி இன்றும் இருக்கிறது.

இதே கடற்கரை ஆசையை மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான் நமக்கு மெரினாவைக் கொடுத்தார். கவர்னர் கிராண்ட் டஃப், 1880-களில் உலாவும் சாலை போட்டு, இத்தாலியின் சிசிலித் தீவு நினைப்பில் பெயரும் வைத்தார். மணல் அவர் கொடுத்ததல்ல. அதற்குக் கொஞ்சம் முன்னால் கட்ட ஆரம்பித்த துறைமுகச் சுவர், தெற்கிலிருந்து கடல் தள்ளிவந்த மணலைத் தடுத்துக்கொண்டது. அதனால்தான் நமக்கு அத்தனை அகலமான மெரினா. மணல் வந்து சேராத வடபக்கம், ராயபுரம் தாண்டி, கரையைக் கடல் தின்றது. அங்கே இருந்ததும் மீனவக் குப்பங்கள்தான்.

1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனது. கலவரம் வெடித்து, டிசம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023-ல் பட்டினப்பாக்கம் லூப் சாலையின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுக்க, மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது. மீனவப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். மறுவருஷம் அதே பகுதியில் அரசு புது மார்க்கெட் கட்டிக் கொடுத்தது.

பிரைட்டன் மீன் மார்க்கெட் 1960 வரை கரையிலேயே தாக்குப்பிடித்தது. அப்புறம் அதையும் நகர்த்திவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கரையில் மணல்கூடக் கிடையாது, எல்லாம் கூழாங்கல். 1975-ல் மூடி, 2003-ல் எரிந்துபோன மேற்குப் பாலத்தின் இரும்பு எலும்புக்கூடு கடலுக்குள் நிற்கிறது. அதைப் படம் எடுக்க அவ்வளவு கூட்டம். கொஞ்ச தூரம் நடந்தால், கரையோர வளைவுகளுக்குக் கீழே ஒரு மியூசியம் வரும். உள்ளே பழைய படகு ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மீனவர் மியூசியம். நுழைவுக் கட்டணம் இல்லை.