ரேகைச் சட்டமும் சிறார் சட்டமும்

1920இல் சென்னை மாகாணம் ஒரு சிறார் சட்டத்தை இயற்றியது. குற்றம் செய்த சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த, இந்தியாவின் முதல் சிறார் சட்டம் அது. அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் போலீசாரால் சுடப்பட்டார்கள். ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஒரு சட்டம், குற்றம் செய்த பின்னும் சிறுவனை மீட்கப் பார்த்தது; அந்தக் கைரேகையைக் கேட்ட, 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ பிறப்பையே குற்றமாக்கி, குற்றமே செய்யாத இளைஞனையும் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தது. இளைஞர் குற்றம் ஊரை வளரவிடாது என்று இன்றும் சொல்கிறோம். உசிலம்பட்டி வட்டாரம் வளராததற்கு அதன் வரலாறு காட்டும் காரணம் வேறு. இரவுக் காவலுக்கும் வேலை தேடிப்போக அனுமதிச்சீட்டுக்கும் காத்திருந்தவனுக்குப் பிழைப்பு ஏது?

களவு நடக்கவே இல்லையா என்று கேட்கலாம். நடந்தது, களவுபோன மாட்டை மீட்டுத்தர வாங்கிய துப்புக்கூலியும் உண்மைதான். ஆனால் களவாடியவனைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இலேயே இயற்றப்பட்டிருந்தது. அதே அரசின் கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தந்ததே என்பது வலுவான மறுப்பு. அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளைப் படிக்க வைத்தன. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். ஆயினும் ரேகைப் பதிவேடு இல்லாமலும் பள்ளி நடத்த முடியும் என்பதற்கு, 1947இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கிய பிறகும் தொடர்ந்து இயங்கிய அதே பள்ளிகள்தான் சாட்சி.