மிதிவண்டி கண்ட நெகிரி செம்பிலான்

ஓர் ஊரை அறிவதற்கு ஏற்ற வேகம் ஒன்று உண்டு. உந்துவண்டியில் விரைவோர்க்கு ஊர்ப் பெயர்ப்பலகை மட்டுமே கண்ணிற்படுகிறது. நடந்து செல்வோர்க்கோ ஒரு நாளில் ஓரூரைக் கடப்பதே அரிதாகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மிதிவண்டியின் வேகம். நினைத்த இடத்தில் காலூன்றி நிற்கலாம். கல்லில் பொறித்ததைப் படிக்கலாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் இரு சொல் கேட்டறியலாம். வரலாற்றை ஏட்டில் மட்டும் கற்பிக்கும் நம் பள்ளிகளுக்கு இவ்வூர்தி ஒரு நல்ல துணையாசிரியர் என்பது என் கருத்து.

மேலைநாடுகளுள் இவ்வுண்மையை நன்குணர்ந்தது பிரான்சு. அங்கே செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்த பால் தெ விவி என்பவர் 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். பந்தயத்திற்காக அன்றி, நாடு காண்பதற்காகவே மிதிவண்டியில் செல்லுதல் வேண்டும் என்று 1930இல் தாம் மறையும் வரை வலியுறுத்தி வந்தார். 1936இல் அந்நாட்டுத் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இருவாரச் சம்பள விடுமுறை சட்டத்தால் கிடைத்தது. ஆலைகளில் உழைத்தோர் மிதிவண்டியேறி, ஆற்றங்கரைகளையும் பழஞ்சிற்றூர்களையும் காணப் புறப்பட்டனர். இன்று லுவார் ஆற்றின் வழியே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டித் தடம் அமைந்துள்ளது. அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. கோட்டையும் தேவாலயமும் மட்டுமன்றி, திராட்சைத் தோட்டமும் பழைய படகுத்துறையும் அங்கே போற்றிக் காக்கப்படுகின்றன.

இவ்வின்பப் பயணத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு அவ்வண்டியின் சக்கரத்திலேயே இருக்கிறது. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கினார். 1891இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டத்தக்க சக்கரத்தைக் கொணர்ந்தனர். மிதிவண்டியும் அதனைப் பின்தொடர்ந்து வந்த உந்துவண்டியும் இரப்பருக்கு ஓயாத பசியை உண்டாக்கின. அதே பத்தாண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி என்னும் அறிஞர், மரத்தை மாய்க்காமல் பாலெடுக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களை நாடிச் சென்று இரப்பர் நடுமாறு வற்புறுத்தி வந்தார். காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது, நம் முன்னோர் கப்பலேறினர். பிரெஞ்சுத் தொழிலாளி விடுமுறையில் உலாவச் சென்ற 1936இல், உலகிலேயே மிகுதியாக இரப்பர் விளைவித்த நாடு மலாயா. அவ்விரப்பர்ப் பாலைச் சேகரித்த தமிழருக்கு உலாவும் இல்லை, ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் இல்லை. இரண்டாண்டு கழித்து, 1938இல், கூலி குறைக்கப்பட்டதையொட்டி, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவிற்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்ய நேர்ந்தது.

லுவாருக்கு ஒப்பாக நம் மாநிலத்தில் கூறத்தக்கது லிங்கி ஆறு. அகலத்திலும் நீளத்திலும் அது சிறியதே, வரலாற்றில் சிறியதன்று. சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பெங்காலான் கெம்பாஸ் என்று தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் ஒருவர் மெல்ல மிதித்துச் செல்வாராயின், ஒரு நாளில் ஐந்நூறாண்டைக் கடந்துவிடலாம். சிரம்பானின் பழம்பெயர் சுங்கை ஊஜோங். அங்கே தோண்டிய ஈயம் இவ்வாற்று வழியாகவே மலாக்கா நீரிணையை அடைந்தது. கரையிலிருந்த தலைவர்கள் படகுகளை நிறுத்திச் சுங்கம் தண்டினர். அதனாற் பூசல்கள் மூண்டன. 1757இல் டச்சுக்காரர் கோலலிங்கியில் ஆற்று வாயிலைக் காவல் செய்யக் கோட்டை கட்டியதும் இவ்வீயத்தின் பொருட்டே. பெங்காலான் கெம்பாஸில் சேக் அகமது மஜ்னூன் என்பாரின் கல்லறை உள்ளது. அதன் கல்வெட்டு 1467ஆம் ஆண்டினைச் சேர்ந்தது. ஒரு பக்கம் அரபு எழுத்தும், மறுபக்கம் பழைய காவி எழுத்தும் பொறிக்கப்பட்டிருத்தல் காணத்தக்கது. காவி எழுத்து, தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்தது. எனவே அக்கல்லின் முன் நிற்கும் தமிழ் மாணவன், அயலார் வரலாற்றை மட்டும் காண்கிறான் என்று கூறுவதற்கில்லை. அருகே வாள், கரண்டி, சுக்கான் எனப் பெயர்பெற்ற நெடுங்கற்களும் நிற்கின்றன.

ஈயத்தின் காலம் மங்க, இரப்பரின் காலம் தோன்றிற்று. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டதும் ஆறு தன் முதன்மையை இழந்தது. பாதையின் இருமருங்கிலும் தோட்டங்கள் பெருகின. லாபு, கொம்போக், செண்டாயான், ரந்தாவ், சிலியாவ், பிராட்வால், அதெர்ட்டன், சுவா பெத்தோங் எனும் பெயர்கள் நம்மவர்க்கு ஊர்ப்பெயர்கள் மட்டுமல்ல. பாட்டன் பாட்டியின் முகவரிகள். இன்று அத்தடத்தில் பயணியர் வண்டி ஓடுவதில்லை.

சிரம்பானிலிருந்து கிழக்கே செல்வோர் புக்கிட் பூத்துஸ் மலையை ஏறுதல் வேண்டும். மிதிவண்டியோட்டி பெருமூச்சு விடும் அக்கணவாயில்தான் 1875 திசம்பரில் துங்கு அந்தாவின் படைக்கும் ஆங்கிலேயர்க்கும் போர் நிகழ்ந்தது. அரண்வேலியைத் தாண்டிய கூர்க்காப் படையின் தலைவர் சானருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பெற்றது. வென்றவர் ஸ்ரீ மெனாந்திக்குச் சென்று அரண்மனையைத் தீக்கிரையாக்கினர். 1902இல் தொடங்கி 1908இல் நிறைவுற்ற இன்றைய பழைய அரண்மனை, இரும்பாணியின்றி 99 தூண்கள் தாங்க எழுந்து நிற்கிறது. 1992 முதல் அது அருங்காட்சியகமாக உள்ளது. அப்பாலுள்ள கோலப்பிலாவைக் கடந்து ஜெம்போல் பக்கம் சென்றால், பெனாரிக்கான் எனும் பழைய இழுவைவழியின் நிலத்தைக் காணலாம். மூவார் ஆற்று நீர்வழியாக வந்தோர், சிறிது தொலைவு தரையில் படகை இழுத்துச் சென்று செர்த்திங் ஆற்றில் விட்டால் பகாங் ஆற்றை அடைந்து கிழக்குக் கடலைச் சேர்ந்துவிடுவர். சாலையும் தண்டவாளமும் தோன்றுமுன் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்த வழி இது.

மிதிவண்டி எப்போதும் அமைதியின் ஊர்தியாக இருந்ததில்லை. 1941 திசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் கரையிறங்கிய ஜப்பானியர், 70 நாட்களில் சிங்கப்பூரை வீழ்த்தினர். அவ்விரைவிற்கு மிதிவண்டிப் படையினர் பெருந்துணை புரிந்தனர். போருக்கு முன்னரே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவெங்கும் விற்பனையானதால், பழுது பார்க்கும் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. சக்கரம் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டிச் சென்றனர். 1942 சனவரி 14ஆம் நாள், கிம்மாசுக்கு மேற்கே கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியர் மறைந்திருந்தனர். மிதிவண்டியில் வந்தோருள் முற்பட்டவர்களை அவர்கள் போகவிட்டுப் பின்னரே பாலத்தைத் தகர்த்துத் தாக்கினர். ஆயினும் படையெடுப்பு நிற்கவில்லை. அதற்குப் பின் நம் தோட்டங்களிலிருந்து ஆடவர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943இல் முடிந்தது. சென்றவருள் திரும்பாதார் மிகப் பலர். பாலத்தருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. திரும்பாதாரின் லயங்கள் இருந்த இடத்திலோ அவர்தம் பெயரைக் கூறும் கல் ஒன்றைக் காண்பது அரிது.

போருக்குப் பின் மிதிவண்டி தோட்டத்து வாழ்வின் உறுப்பாயிற்று. கிராணியின் வண்டியாக முதலில் வந்தது, பால்வெட்டுக்காரரின் வண்டியாகப் பரவியது. பின்னிருக்கையில் பால்வாளியும், முன் கம்பியில் குழந்தையும் அமர்ந்து சென்ற காட்சியை இன்றைய ஐம்பது வயதினர் பலரும் அறிவர். ரொட்டிக்காரர், துணி வியாபாரி, நாளேடு கொணர்பவர் எனத் தோட்டத்தை வெளியுலகோடு இணைத்தோரும் மிதிவண்டியிலேயே வந்தனர். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது தோட்டப் பாதைகள் சோதனைக்கு உள்ளாயின. உணவுப்பொட்டலம் ஏந்திச் செல்வதும் ஐயத்திற்குரியதாயிற்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்து வெள்ளி சேமித்தோரையும் நிலவுடைமையின் பங்காளராக்க முயன்றார்.

இன்றோ நிலைமை வேறு. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு. செண்டாயான் இன்று ஒரு புது நகரின் பெயர். வளர்ச்சியை வேண்டாவென்று கூறுபவர் யாருமில்லை. நம் பிள்ளைகளும் அப்புது வீடுகளில் குடியிருக்கின்றனர். கவலைக்குரியது பிறிதொன்று. லுவார்க் கரையில் அரசர் கட்டியவை கல், ஆதலால் நின்றன. நம்மவர் வாழ்ந்த லயங்கள் பலகையும் தகரமும். ஆதலால் ஒரே நாளில் மண்மேடாயின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென்றது. அதன்வழித் தோன்றிய பள்ளிகளுள் பல மூடப்பட்டன. பல வேறிடம் பெயர்ந்தன. இந்நிலையில் ஒரு தோட்டம் இருந்ததற்குச் சான்றாக எஞ்சுவன மூன்றே: கோயில், இடுகாடு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு.

அப்பதிவேட்டை எளிதென எண்ணலாகாது. மாணவன் பெயர், தந்தை பெயர், தொழில், முகவரி, விலகிய நாள் ஆகியவை அதில் உள்ளன. ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எங்கே பெயர்ந்தது என்பதை அதனைக்கொண்டு உய்த்துணரலாம். ஆயின் கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகும் ஏடு அது. பள்ளி இடம் மாறும்போது பழைய தாள் என்று கருதிக் களைந்துவிடுவதும் உண்டு.

ஆதலின் தலைமையாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையில், உயர்வகுப்பு மாணவரைப் பெற்றோர் துணையோடு மிதிவண்டியில் அழைத்துச் செல்லுங்கள். நெடுஞ்சாலை வேண்டா, செம்பனைக்குள் செல்லும் செம்மண் பாதையே போதும். ஒரு நாளுக்கு ஒரு தோட்டம் போதுமானது. கோயிற்கல்லில் உள்ள ஆண்டையும் கொடையாளர் பெயரையும் படியெடுக்கச் சொல்லுங்கள். இடுகாட்டில் எஞ்சியுள்ள பெயர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிரட்டுக்களம் எங்கிருந்தது, பால்கொட்டாய் எங்கிருந்தது, கிணறு எங்கிருந்தது என்று முதியோரைக் கேட்டு வரைபடம் தீட்டச் சொல்லுங்கள். போகும் வழியில் மினாங்கபாவ் மரபினரின் கொம்புக்கூரை வீடுகளையும் காட்டி, தாய்வழி உரிமையைப் போற்றும் அவர்தம் அடாட் பெர்பாத்தே எனும் மரபையும் விளக்குங்கள். அண்டை வீட்டார் வரலாற்றை அறியாதவர் தம் வரலாற்றையும் முழுதாக அறியார்.

இவ்வாறு திரட்டியதை இரு படிகளாக எழுதி, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை மாநில நூலகத்திலும் வைத்தல் நன்று. பெருஞ்செலவு இதற்கு வேண்டுவதில்லை. தோட்டத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே நாம் சென்று கேட்டாக வேண்டும். அப்பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்குவோமாக.