கொடி ஏந்தி நின்ற முதியோர்



2016 டிசம்பர் 9 அன்று தென்கொரிய நாடாளுமன்றம் அதிபர் பார்க் குன்-ஹேயைப் பதவிநீக்கும் தீர்மானத்தை 234 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தோர் 56 பேரே. தம் தோழியை அரசு அலுவல்களில் தலையிட விட்டார் என்பதே அவர்மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. சியோல் நகரின் குவாங்வாமுன் சதுக்கத்தில் சனிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏந்தித் திரண்ட இலட்சக்கணக்கானோரை உலகம் பாராட்டியது. ஆனால், சற்றுத் தொலைவில் மாநகர மன்றத்தின்முன் தேசியக் கொடியோடு அமெரிக்கக் கொடியையும் ஏந்தி, அதிபருக்காக முழங்கிய முதியோரையோ பலர் ஏளனம் செய்தனர். 'கூலிக்கு வந்தவர்கள்' என்றுகூடச் சொன்னார்கள்.

அவர்கள் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களுள் மூத்தோர் 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரைச் சிறுவராய்க் கண்டவர்கள். அமெரிக்கக் கொடி அவர்களுக்கு உயிர் பிழைத்ததன் நினைவு. 1961இல் படைப்புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங்-ஹீயின் காலத்தில், அத்தலைமுறையினர் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அவருடைய மனைவி 1974இலும் அவர் 1979இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெற்றோர் இருவரையும் அவ்வாறு இழந்த மகளே பார்க் குன்-ஹே. அவரைப் பதவிநீக்குவது தங்கள் வாழ்நாள் உழைப்பையே இகழ்வதாக அவர்களுக்குத் தோன்றியது. தேசிய ஓய்வூதியத் திட்டமோ 1988இல்தான் தொடங்கியது. அப்போராட்டக் காலத்தில் 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வறுமையில் இருந்தனர். தாம் கட்டியெழுப்பிய நாட்டில் தமக்கு இடமில்லை என்ற வேதனையும் அக்கொடிகளின் பின்னே இருந்தது.

ஆயினும், உண்மையின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. அவர்கள் ஏங்கிய அதே ஆட்சிதான் 1974இல் வோன்ஜு மறைமாவட்ட ஆயர் தானியேல் ஜி ஹாக்-சுனைச் சிறையிலடைத்தது. 1975இல் எட்டுப் பேரை, இறுதித் தீர்ப்பு வெளிவந்த மறுநாளே தூக்கிலிட்டது. 2007இல் நடந்த மறுவிசாரணை அவர்கள் குற்றமற்றவர்கள் என அறிவித்தது. அந்த வீடுகளிலும் முதியோர் உண்டு. அவர்களது நினைவு வேறு.

2017 மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதிபரைப் பதவிநீக்கினர். அன்று நீதிமன்றத்திற்கு அருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் உயிர்கள் பலியாயின. தீர்ப்பு நேரியது என்றே கருதுகிறேன். ஆனால் அம்முதியோர்மீது வீசப்பட்ட ஏளனம் நேரியதன்று.

உங்கள் வீட்டு முதியவர் ஏதேனும் ஒரு தலைவரை விடாப்பிடியாய்ப் போற்றுகிறாரா? அவரோடு வாதிடுமுன், அந்நாள்களில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று கேளுங்கள். கேட்டபின், மாற்றுக் கருத்து இருப்பின் தயங்காமல் சொல்லுங்கள்.